பச்சை எழுத்தை வாய்விட்டுப் படி

சிமுலேட்டரில் பயிற்சியாளர் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். முன்னால் இருக்கும் இரண்டு விமானிகளின் பிடரிதான் அங்கிருந்து தெரியும். பிடரியைப் பார்த்தே ஆளுக்குக் குழப்பம் வந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம், கழுத்து மெல்ல முன்னே நீளும். அடுத்து அந்த வாக்கியம் வரும். வடக்கத்திப் பையன் என்றால் “யே க்யா கர் ரஹா ஹை?” நம் பக்கத்து ஆள் என்றால் “இது என்ன சார் பண்ணுது?” விமானம் எதையோ தன்போக்கில் செய்துகொண்டிருக்கும். அதைச் செய்யச் சொன்னவருக்கே காரணம் விளங்காது.

ஏர்ல் வீனர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களின் கடைசியில் போயிங் 757 விமானிகளிடம் பேசிப் பார்த்தபோது அவருக்கும் இதே கேள்விகள்தான் கிடைத்தன. இது என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, அடுத்து என்ன செய்யும்? நான் ஓட்டிய, கற்றுக்கொடுத்த ஏர்பஸ் 320-க்கும் அவை அப்படியே பொருந்தும்.

எனக்கு ஊர் ராயப்பன்பட்டி. வீட்டில் திராட்சைப் பந்தல். சிறு வயதிலேயே அமராவதிநகர் சைனிக் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கடக்வாஸ்லா, விமானப்படை, ஆவ்ரோ விமானம். அந்தக் காலத்தில் தாம்பரம் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். விமானப்படையில் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி அங்கேதான் இருக்கிறது. அங்கே ‘பேட்டர்’ என்று ஒரு வதை உண்டு. கை ஒரு காரியத்தைச் செய்யும் அதே நொடியில் வாய் அதைச் சொல்ல வேண்டும். மூக்கை இறக்குகிறேன், வேகம் ஏறுவதைப் பார், இப்போது டிரிம் செய்கிறேன் என்று. கை முந்தினாலும் குற்றம், வாய் முந்தினாலும் குற்றம். மெஸ்ஸில் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்ப்போம். விமானம் ஓட்டத் தெரிந்தவனைக் கதாகாலட்சேபம் செய்ய வைக்கிறார்களே என்று கேலியும் பேசுவோம். ஏர்பஸ்ஸுக்கு வந்த பிறகுதான் அந்தப் பாடத்தின் அருமை தெரிந்தது.

விமானப்படையை விட்டு வெளியே வந்து முதலில் ஓட்டியது போயிங் 737-200. அதில் த்ரஸ்ட் லீவர் எப்போதும் கைக்குள் இருக்கும். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்று கண்ணுக்கு முன்பே உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். பக்கத்து இருக்கைக்காரர் யோக்கைத் தள்ளினால் நம் மடிக்கு எதிரே இருக்கும் யோக்கும் கூடவே நகரும். யார் என்ன செய்கிறார் என்று ஒரு வார்த்தை பேசாமலே இருவருக்கும் தெரியும். அதனால் காக்பிட்டில் பேச்சு குறைவாக இருப்பதையே கௌரவமாக நினைத்தோம். ‘அந்த கேப்டன் வாயே திறக்கமாட்டார்’ என்பது அன்றைக்குப் புகழுரை.

1989-ல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு ஏர்பஸ் 320 வந்தது. நம் ஓடுபாதைகளை மனதில் வைத்து, வழக்கமான இரண்டு சக்கரத்துக்குப் பதில் காலுக்கு நான்கு சக்கரம் கேட்டு வாங்கியிருந்தார்கள். சக்கரத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள் உள்ளே உட்காருகிறவனைப் பற்றி எவ்வளவு யோசித்தார்கள் என்பது தனிக் கதை. இந்த விமானத்தில் த்ரஸ்ட் லீவர் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால் அசையாது. எஞ்சின் ஏறும், இறங்கும், லீவர் இருந்த இடத்திலேயே இருக்கும். யோக்குக்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஆளுக்கொரு சின்னக் குச்சி. ஒன்று அசைந்தால் மற்றது அசையாது. ஆக, கை வழியாக வந்துகொண்டிருந்த சேதி இரண்டும் நின்றுபோயின. அதற்குப் பதில், எதிரே உள்ள திரையின் தலையில் ஐந்து பத்தியாகச் சின்னச் சின்ன எழுத்துகள் வந்தன. இப்போது நடப்பது பச்சையில், அடுத்து நடக்கக் காத்திருப்பது நீலத்தில். எஃப்.எம்.ஏ. என்போம். விமானம் என்ன செய்கிறது என்பதற்கு அத்தாட்சி அது ஒன்றுதான். அதைப் படிக்காதவன் குருட்டுப் பயணி.

1990 பிப்ரவரி 14 அன்று நான் இன்னும் 737-லேயே இருந்தேன். பம்பாயிலிருந்து பெங்களூர் போன இந்தியன் ஏர்லைன்ஸ் 605, பழைய ஹெச்.ஏ.எல். விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு முன்பே கால்ஃப் மைதானத்தில் விழுந்தது. இருந்தவர்கள் 146 பேர், இறந்தவர்கள் 92 பேர். நல்ல வெயில், தெளிந்த வானம். எஞ்சினில் பழுது இல்லை. இடது இருக்கையில் இருந்தவருக்குக் கேப்டன் தேர்வுக்கான பயணம், வலது இருக்கையில் இருந்தவர் பரிசோதிக்கும் கேப்டன். இருவருமே அனுபவசாலிகள். எங்கள் சபையில் அன்று கேட்ட ஒரே கேள்வி, இந்த நிலைமையில் எப்படி ஒரு விமானம் விழும்?

நீதிபதி சிவசங்கர் பட் தலைமையிலான விசாரணை சொன்னதை வகுப்பில் பலகையில் படம் போட்டுத்தான் விளக்குவேன். விமானம் இறங்கும் சரிவுக்கு நிமிடத்துக்கு சுமார் 700 அடி என்பது வழக்கமான கணக்கு. 140 நாட் வேகத்தை ஐந்தால் பெருக்கினால் அதுதான் வரும். அந்த 700-ஐக் கொடுக்க வேண்டிய திருகு ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே உயரத்துக்கான திருகு இன்னொன்று. கேட்டது இறங்கும் வேகம், திரும்பியது உயரத் திருகு என்பதே மிகச் சாத்தியம் என்றது விசாரணை. பெங்களூர் நிலையமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. 700 அடி என்பது பூமிக்குள். விமானம் அதை எப்படித் தொடும்? தொடாத உயரத்தைத் தேடி இறங்கும் விமானத்துக்கு எஞ்சின் விசை எதற்கு? ‘ஓபன் டிசென்ட்’ என்ற நிலைக்குப் போய் எஞ்சின்களை ஐடிலில் வைத்துக்கொண்டது. வேகம் சொட்டுச் சொட்டாக வடிந்து 132 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 106 வரை வந்துவிட்டது. லீவர் அசையாததால் கைக்குத் தெரியவில்லை. திரையில் பச்சை எழுத்தில் எல்லாம் இருந்தது.

இதற்குள் இன்னொரு நுணுக்கம் உண்டு, நான் அதிகம் நிறுத்திச் சொல்வது அதைத்தான். இரண்டு விமானிக்கும் தனித்தனி ஃப்ளைட் டைரக்டர், எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் கம்பிகளால் வழி காட்டுவது. இரண்டையும் அணைத்தால் எஞ்சின் தானாகவே வேகத்தைக் காக்கும் நிலைக்குத் திரும்பிவிடும். அன்று ஒன்று அணைந்தது, மற்றது அணையவில்லை. ஒன்று எரிகிறவரை ஐடில்தான் சட்டம். கடைசி நொடிகளில் விமானமே ஆபத்தை உணர்ந்து எஞ்சினுக்கு முழு விசை கொடுத்தது. ஐடிலிலிருந்து எஞ்சின் விழித்து எழச் சில விநாடிகள் வேண்டும். அத்தனை உயரம் மிச்சமில்லை.

பிறகு அந்த விமானங்கள் எல்லாவற்றையும் அரசு மாதக்கணக்கில் தரையில் நிறுத்தியது. நான் ஏர்பஸ்ஸுக்குப் படிக்கப் போனது அதற்கப்புறம். பின்னாளில் மென்பொருளையும் திருத்தினார்கள். ஓபன் டிசென்டில் டைரக்டர் காட்டும் வழியை விமானி பின்பற்றாமல் வேகம் குறைந்துகொண்டே போனால், அந்தக் கம்பிகள் தாமாக மறைந்து எஞ்சின் வேகத்தைக் காக்க வந்துவிடும். நல்ல திருத்தம்தான். ஆனாலும் வகுப்பில் அதை நான் கடைசியாகத்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால், ‘அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்று பையன்கள் குறிப்பெடுத்து முடித்துவிடுவார்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தம்பி முறையுள்ள ஒருவர் என்னைச் சீண்டுவார். “ஏண்ணே, எல்லாம் ஆட்டோதானாமே. நீங்க சும்மா ஒக்காந்துட்டு வர்றதுக்கா இம்புட்டுச் சம்பளம்?” அவர் தோட்டத்தில் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது. மும்முனைக் கரண்டு வந்தால் தானாக ஓடும். “ஒன் மோட்டாரும் ஆட்டோதானே? அப்புறம் எதுக்கு நடுராத்திரியில டார்ச் எடுத்துட்டுத் தொட்டிக்குப் போற?” என்றேன். “கரண்டு வந்துருச்சுன்னுதாண்ணே அதுக்குத் தெரியும். தண்ணி வருதான்னு அதுக்கெங்கே தெரியும்?” என்றார். வருடக்கணக்கில் ஆங்கிலத்தில் நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார். வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், கைதட்டல் எனக்குக் கிடைத்தது.

திருகுக் குழப்பம் பெங்களூரோடு முடியவில்லை. 1992 ஜனவரி 20 அன்று ஃபிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் அருகே ஏர் இன்டர் நிறுவனத்தின் 320 ஒன்று மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். சரிவுக்கோணம் 3.3 டிகிரி என்று நினைத்து வைத்த எண்ணை விமானம் நிமிடத்துக்கு 3,300 அடி என்று எடுத்துக்கொண்டது என்பதே வலுவான விளக்கம். ஒரே திருகு, இரண்டு அர்த்தம், திரையில் தெரிந்ததும் கிட்டத்தட்ட ஒரே எண். பிறகு இறங்கும் வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினார்கள்.

ஆரம்ப காலத்தில் என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ஐம்பதை நெருங்கும் கேப்டன்கள். ஆவ்ரோ, 737 என்று ஓட்டித் தேய்ந்த கைகள். அவர்களுக்குப் பெட்டிமேல், அதாவது காக்பிட்டில் வழியைத் தட்டிப் போடும் கணினிமேல், நம்பிக்கையே கிடையாது. எதிர்பாராதது ஒன்று நடந்தால் உடனே எல்லாவற்றையும் துண்டித்துவிட்டுக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அது தப்பில்லை. ஆனால் துண்டித்ததைப் பக்கத்து ஆளிடம் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது திருகு. தள்ளினால் விமானத்திடம் கொடுக்கிறோம், இழுத்தால் நாம் வாங்கிக்கொள்கிறோம். கொடுத்தாலும் வாங்கினாலும் திரையில் எழுத்து மாறும். எழுத்து மாறியதை ஓட்டுகிறவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் பார்த்துவிட்டு ‘செக்ட்’ என்று சொல்ல வேண்டும். திருகியதைச் சொல்வது கணக்கில் சேராது, திரை சொல்வதைத்தான் படிக்க வேண்டும். நான் என்ன திருகினேன் என்பது என் நினைப்பு, திரையில் வந்தது விமானம் கேட்டுக்கொண்டது. தாம்பரத்துப் பேட்டரேதான். ஒரு மாற்றம், இங்கே பாடம் இரண்டு பேருக்கும்.

மூத்தவர்களுக்கு இது அவமானமாக இருந்தது. “என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசிக்கச் சொல்றீங்களே” என்று ஒருவர் சண்டையே போட்டார். நான் அவருக்குத் தாம்பரத்துக் கதையைச் சொன்னேன். அவரும் அங்கே பேட்டர் ஒப்பித்தவர்தான், சிரித்துவிட்டார்.

பெரிய முடிச்சு வேறு இடத்தில் இருந்தது. நம் காக்பிட்டில் இளையவர் மூத்தவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். மரியாதை நல்லதுதான். ஆனால் சார் தப்பான திருகைத் திருகினால் என்ன செய்வது? நள்ளிரவு தாண்டிய ஒரு சிமுலேட்டர் ஸ்லாட். (சிமுலேட்டருக்கு இரவு பகல் கிடையாது. அதன் வாடகைக்கு அது தூங்கக் கூடாது.) முன்னால் ஒரு மூத்த கேப்டன், பக்கத்தில் நாகர்கோவில் பையன். கடைசிக் கட்டத்தில் ஓபன் டிசென்ட் பச்சையில் நிற்கிறது, எஞ்சின் ஐடில். பையனின் கழுத்து நீண்டது, திரையைப் பார்த்தான், கேப்டனைப் பார்த்தான், மறுபடி திரை. வாய் திறக்கவில்லை. வேக எச்சரிக்கை வந்து நான் நிறுத்தினேன். “பார்த்தியா?” என்று கேட்டேன். “பார்த்தேன் சார். சாரும் பார்த்திருப்பார்னு நெனச்சேன்.”

அதன் பிறகு ஒரு தந்திரம் செய்ய ஆரம்பித்தேன். ஸ்லாட்டுக்கு முன்னால் தேநீர் குடிக்கும்போது கேப்டனைத் தனியாக அழைத்து, “இன்றைக்கு எங்காவது ஒரு இடத்தில் வேண்டுமென்றே தப்பாக ஒன்று திருகுங்கள், எங்கே என்று எனக்கும் சொல்ல வேண்டாம்” என்பேன். கோ-பைலட் கண்டுபிடித்துச் சொல்கிறாரா, எத்தனை விநாடியில் சொல்கிறார், எந்தக் குரலில் சொல்கிறார் என்று கவனிப்பேன். முதலில் பையன்களைச் சோதிக்கத்தான் இதை ஆரம்பித்தேன். போகப்போக அதிகம் மாறியது கேப்டன்கள்தான். தான் தப்பு செய்வதைப் பக்கத்து ஆள் சொல்லுவாரா என்று மனதுக்குள் காத்திருந்து பார்த்தவர்களுக்கு, சொல்லாமல் விடும் அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று தெரிந்துபோனது. அவர்களில் சிலர் பிறகு நிஜப் பயணத்துக்கு முன்னால், “நான் தப்பு பண்ணுவேன்ப்பா, சொல்லணும்” என்று கோ-பைலட்டிடம் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

2003-ல் ஏர் டெக்கான், 2005-ல் ஸ்பைஸ்ஜெட், அடுத்த ஆண்டு இண்டிகோ. விமானம் பறக்க ஆரம்பிக்கும் முன்பே இண்டிகோ 100 ஏர்பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அத்தனை விமானத்துக்கும் ஆள் வேண்டுமே. 200 மணி நேரம் சின்ன விமானம் ஓட்டி லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் நேராக ஏர்பஸ்ஸின் வலது இருக்கைக்கு வந்தார்கள். என் பாடம் தலைகீழானது இந்த இடத்தில்தான். இவர்களுக்குப் பெட்டி தாய்மொழி. மூத்தவர்கள் ஒரு விரலால் தட்டித் தேடுவதை இவர்கள் மூடிய கண்ணோடு செய்வார்கள். கையில் ஓட்டச் சொன்னால் முகம் வெளுத்துவிடும்.

மும்பையில் 27-ம் ஓடுபாதைக்கு எல்லாம் தயார் செய்து இறங்கிக்கொண்டிருக்கும்போது, சிமுலேட்டரில் நான் கன்ட்ரோலர் குரலில், “ஓடுபாதை 14-க்கு மாற்றம்” என்பேன். இரண்டு தலையும் ஒரே நேரத்தில் குனியும். இரண்டு பேரும் பெட்டியில் தட்டுவார்கள். வெளியே பார்க்க யாரும் இல்லை. வேகம், உயரம் பார்க்கவும் யாரும் இல்லை. ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுத் திரும்பினால் தட்டும் நேரத்தில் பாதியில் முடியும் வேலை. வாரன் வாண்டர்பர்க் என்ற அமெரிக்கப் பயிற்சிக் கேப்டன் 1997-ல் ஆற்றிய ஓர் உரை எங்கள் தொழிலில் பிரசித்தம். திரையில் வழியைக் காட்டும் மெஜந்தா கோட்டின் பிள்ளைகளாகிவிட்டோம் என்றார். பிரச்சினை வந்தால் தானியக்கத்தின் ஒரு படி கீழே இறங்கு, தேவையானால் முழுக்கக் கையில் எடு என்பதே அவர் சொன்னதன் சாரம். அங்கே அவர் சொன்னபோது எங்களுக்கு எதிர்ப்பிரச்சினை இருந்தது. பத்து வருடம் கழித்து அதே உரையைப் போட்டுக் காட்டும் நிலைக்கு வந்தோம்.

2009 ஜூன் 1-ல் ஏர் ஃபிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்த பிறகு எல்லோரும் கையால் ஓட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். வேகம் அளக்கும் குழாயில் பனி அடைத்து ஆட்டோபைலட் தானே விலகிக்கொண்டது. விமானம் பறக்கக்கூடிய நிலையில்தான் இருந்தது. 2013 தொடக்கத்தில் அமெரிக்க எஃப்.ஏ.ஏ., முடிந்தபோதெல்லாம் கையால் ஓட்டப் பழகுங்கள் என்று விமான நிறுவனங்களுக்கு அறிவுரை அனுப்பியது.

அறிவுரை வந்தது, பழக இடம் எங்கே? இதை வெளியில் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு பயணத்தின் பதிவையும் கணினி அலசுகிறது. வேகம் சற்றுக் கூடினாலும், சரிவு சற்று விலகினாலும் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். ஆட்டோபைலட் அப்படி விலகாது, விலகினாலும் அதற்கு அழைப்பு வராது. அதனால் கேப்டன், “நீ கையில ஓட்டுப்பா” என்று கோ-பைலட்டிடம் கொடுக்கத் தயங்குவார். கொடுத்தால் விளக்கம் எழுத வேண்டியது அவர். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கையால் ஓட்டலாம் என்று கையேட்டில் எழுதியிருந்தது. எழுதியதைச் செய்தவர்களைத்தான் கூப்பிட்டு விசாரித்தார்கள். பாதுகாப்புக்காக வைத்த கண்காணிப்பு, பழகும் வாய்ப்பை இப்படிச் சுரண்டிவிட்டது. ஆகவே என் ஸ்லாட்டுகளில் பரிசோதனைப் பட்டியலை முடித்துவிட்டு, மிஞ்சும் நேரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃப்ளைட் டைரக்டர் கம்பிகூட இல்லாமல் சென்னையைச் சுற்றி ஓட்ட வைப்பேன். அதற்கு மதிப்பெண் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அந்தக் கால் மணி நேரத்தில்தான் பையன்கள் நிஜமாகவே சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

போயிங் 737 மேக்ஸ் பற்றியும் கேட்பார்கள். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவின் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன், இரண்டிலும் சேர்த்து 346 உயிர். லயன் ஏர் கேப்டன் டெல்லிக்காரர். மூக்கைத் தானாக இறக்கும் ஓர் அமைப்பு இருப்பதையே விமானிகளின் கையேட்டில் எழுதவில்லை. பழைய 737 ஓட்டியவருக்குப் புதிதாகச் சிமுலேட்டர் வேண்டாம், டேப்லட்டில் சின்னப் பாடம் போதும் என்பது விற்பனைக்கான வாக்குறுதி. எங்கள் மூத்தவர்கள் ஏர்பஸ்ஸில் எழுத்தைப் படிக்க மறுத்தார்கள், அது வேறு. எழுத்தே இல்லாததை எந்தப் பயிற்சியாளர் படிக்க வைப்பார்? இந்த விஷயத்தில் எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை.

65 வயதோடு பயணிகள் விமானம் ஓட்டும் உரிமம் முடிந்துவிடும். எனக்கும் முடிந்து ஊரோடு வந்துவிட்டேன். அந்த ஆட்டோ ஸ்டார்ட்டர் தம்பியின் பேரன் லேப்டாப்பில் 320 ஓட்டுகிறான். யூடியூப் பார்த்துப் படித்ததாம். திருகுகளைத் தள்ளுவதும் இழுப்பதும் சுத்தம், பெட்டியில் வழியைப் போடுவதும் சுத்தம். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “எழுத்து மாறினா வாய்விட்டுப் படிடா” என்றேன். “யார்ட்ட தாத்தா சொல்றது? நான் மட்டுந்தானே ஓட்றேன்” என்றான்.

விளையாட்டாகச் சொன்னான். ஆனால் பெரிய நிறுவனங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நீண்ட பயணத்தின் நடுப்பகுதியில் ஒரே விமானி போதாதா, மற்றவர் போய்ப் படுக்கட்டுமே என்று ஏர்பஸ் உட்படச் சிலர் முயற்சி எடுத்தார்கள். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை இதை ஆராய்ந்து, இன்றைய காக்பிட்டில் இருவர் இருக்கும்போதுள்ள அளவுக்குப் பாதுகாப்பு இருக்கும் என்று நிறுவ முடியவில்லை என 2025-ல் சொல்லிவிட்டது. சரக்கு விமானத்தில் தொடங்கி எப்படியும் மறுபடி கேட்பார்கள் என்பது என் கணிப்பு. ஆள் சம்பளம் அப்படிப்பட்ட செலவு.

“அப்ப நான் பெரியவனாகுறப்ப வேலை இருக்குமா தாத்தா?” என்று பேரன் கேட்டான். அவன் அப்பா ஏற்கெனவே எங்கோ ஒரு பயிற்சிப் பள்ளியின் கட்டணத்தை விசாரித்து வைத்திருக்கிறார், ஒரு தோட்டத்தின் விலை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுக்கச் சொன்னேன். காசு கட்டுவதற்கு முன்னால் டி.ஜி.சி.ஏ.-வின் கிளாஸ் ஒன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடச் சொன்னேன். கட்டணம் கட்டிய பிறகு கண்ணில் குறை தெரிந்து திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.